எலும்புக்கும் பீங்கானுக்கும் நடுவே ஒரு மெல்லிய பூச்சு

விழுந்துவிட்ட பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஒரு சின்னத் திருகைப் பதித்து, அதன் தலையில் செயற்கைப் பல்லைப் பொருத்துகிறார்கள். தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். இப்படி உடலுக்குள் நிரந்தரமாக வைக்கும் பொருளுக்கு இம்ப்ளாண்ட் என்று பெயர். எலும்போடு சேர வேண்டிய இம்ப்ளாண்ட் பெரும்பாலும் டைட்டானியத்தில்தான் வரும். ஆனால் செராமிக், அதாவது உயர்தரப் பீங்கான், கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அப்படி வரும்போது எழும் முதல் கேள்வி: எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளுமா?

பிடித்துக்கொள்ள வைப்பதற்காகத்தான் செராமிக் மேல் பூச்சு பூசுகிறார்கள். இந்தப் பூச்சைப் பற்றிப் படிக்கும்போது எலும்பு பக்கத்துக் கதையே அதிகம் கண்ணில் படும்: செல்கள் எப்படி வந்து ஒட்டுகின்றன, எலும்பு எப்படி வளர்கிறது என்றெல்லாம். என் பார்வையில் கடினமான பாதி அதுவல்ல. பூச்சுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் எலும்போடு சேர வேண்டும், மறுபக்கம் எதனோடும் சேராத செராமிக்கோடு சேர வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

செராமிக் ஏன் ஒதுங்கி நிற்கிறது

இங்கே சொல்லும் செராமிக், தேநீர்க் கோப்பை செய்யும் பீங்கான் அல்ல. முக்கியமாக இரண்டு: அலுமினியம் ஆக்சைடான அலுமினா, சிர்கோனியம் ஆக்சைடான சிர்கோனியா. பிரான்ஸில் பியர் பூத்தான் என்ற அறுவை மருத்துவர் 1970 வாக்கில் அலுமினாவை இடுப்பு மூட்டுக்குக் கொண்டுவந்தார். சிர்கோனியா 1980களில் வந்தது. சுமார் 3 மோல் சதவீதம் இட்ரியம் ஆக்சைடு கலந்த சிர்கோனியாவை வளைத்து உடைக்க ஏறத்தாழ 1000 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும். செராமிக் என்ற வகைக்கே இது அபாரமான வலிமை. நிறம் வெள்ளை என்பதால் ஈறு மெலிந்தாலும் சாம்பல் நிழல் தெரியாது. உலோக அயனிகள் கசியும் பயமும் இல்லை.

இந்தப் பொருள்கள் உடலுக்குள் அமைதியாக இருப்பதற்குக் காரணம் எளியது. இவற்றில் உள்ள உலோக அணுக்கள் ஏற்கெனவே ஆக்சிஜனோடு கெட்டியாகப் பிணைந்துவிட்டன. வேறு எதனோடும் வினைபுரிய அவற்றுக்குப் பெரிதாகத் தேவை இல்லை. உடல் திரவம் அரிக்காது, நோய் எதிர்ப்பு மண்டலமும் பெரிதாகச் சண்டைக்கு வராது. மருத்துவத்துக்கு இது நல்ல குணம்தான். ஆனால் அதே குணத்தால் எலும்போடும் வேதிப் பிணைப்பு எதுவும் உருவாகாது. வழவழப்பான அலுமினாவை நேரடியாக எலும்பில் பதித்த ஆரம்பகால இடுப்புக் கிண்ணங்கள் (மூட்டின் பந்து உட்காரும் குழிப்பகுதி) பலவற்றில், எலும்புக்கும் செராமிக்குக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு வளர்ந்து, நாளடைவில் கிண்ணம் தளர்ந்துபோனது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். டைட்டானியத்தின் மேலும் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உண்டு. எலும்பு உண்மையில் தொடுவது அந்தப் படலத்தைத்தான். பிறகு ஏன் டைட்டானியம் மட்டும் சுலபம்? பெரிய வித்தியாசம், மேற்பரப்பை எவ்வளவு எளிதாக மாற்ற முடிகிறது என்பதில் இருக்கிறது. டைட்டானியத்தை மணல் வீசிச் சொரசொரப்பாக்கலாம், அமிலத்தில் அரித்து நுண்குழிகள் உண்டாக்கலாம், மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கலாம். உலோகம் எல்லாவற்றையும் தாங்கும். சிர்கோனியாவை அரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, சூடான வலுவான அமிலக் கலவையோ வேண்டும். வேகமாக மணல் வீசினால் நுண்விரிசல் விழலாம், படிக அமைப்பும் மாறலாம்.

அந்தப் படிக மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிர்கோனியாவின் வலிமைக்கு அடிப்படையே, அதன் படிகங்களைச் சாதாரண வெப்பநிலையில் இருக்க வேண்டிய வடிவத்துக்குப் போகவிடாமல் இட்ரியம் பிடித்துவைத்திருப்பதுதான். விரிசல் ஒன்று முன்னேற முயலும்போது அதன் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறி, சுமார் 4 சதவீதம் பருத்து, விரிசலை நெருக்கி மூடிவிடும். அற்புதமான தற்காப்பு இது. ஆனால் சூட்டாலோ ஈரத்தாலோ அடியாலோ இந்த மாற்றம் மேற்பரப்பில் முன்கூட்டியே நடந்துவிட்டால், நாளடைவில் பொருளே பலவீனமாகும். ஆகவே சிர்கோனியாவின் மேற்பரப்பில் செய்யும் எந்த வேலையையும் பயந்து பயந்துதான் செய்ய வேண்டும்.

எலும்பு பக்கத்தில் என்ன நடக்கிறது

எலும்பில் துளையிட்டு இம்ப்ளாண்டை வைத்ததும் முதலில் வந்து சேர்வது ரத்தம். நீரும் உப்பு அயனிகளும் மேற்பரப்பைத் தொடுகின்றன. சில நொடிகளுக்குள் ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் போன்ற புரதங்கள் வந்து படிந்துவிடுகின்றன. பிறகு வரும் செல்கள் இம்ப்ளாண்டை நேரடியாகச் சந்திப்பதே இல்லை. இந்தப் புரதப் படலத்தைத்தான் சந்திக்கின்றன. எந்தப் புரதம், எந்தப் பக்கம் திரும்பி, எவ்வளவு அடர்த்தியாகப் படிகிறது என்பதை மேற்பரப்பின் தன்மை தீர்மானிக்கிறது. பூச்சு தன் வேலையைத் தொடங்குவது இந்த நொடிகளில்தான்.

அப்புறம் ரத்தம் உறைகிறது. சேதத்தைச் சுத்தம் செய்யும் செல்கள் வருகின்றன. அவற்றின் பின்னால் ஸ்டெம் செல்கள் நகர்ந்து வந்து, எலும்பை உருவாக்கும் செல்களாக மாறுகின்றன. சில வாரங்களில் அவசரமாகப் பின்னிய, ஒழுங்கற்ற எலும்பு உருவாகிறது. மாதக்கணக்கில் அது கரைக்கப்பட்டு, ஒழுங்கான அடுக்கு எலும்பாகத் திரும்பக் கட்டப்படுகிறது. இந்தக் காலத்தில் இம்ப்ளாண்ட் ஆடக் கூடாது. சுமார் 150 மைக்ரானுக்கு மேல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு, திரும்பத் திரும்ப அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். எவ்வளவு நல்ல பூச்சானாலும் ஆடும் இம்ப்ளாண்டைக் காப்பாற்றாது.

எலும்பு இரண்டு வழியாக வளர முடியும். துளையின் பழைய எலும்புச் சுவரிலிருந்து இம்ப்ளாண்டை நோக்கி மெதுவாக வருவது ஒன்று. எலும்பாக்கும் செல்கள் இம்ப்ளாண்டின் மேலேயே குடியேறி, அங்கிருந்து வெளிப்பக்கமாகக் கட்டத் தொடங்குவது இன்னொன்று. வழவழப்பான, மந்தமான மேற்பரப்பில் முதல் வழி மட்டுமே பெரும்பாலும் நடக்கும். இரண்டாவது வழியையும் திறந்துவிடுவதே பூச்சின் நோக்கம்.

இங்கே சொரசொரப்புக்கும் பெரிய பங்கு உண்டு. சராசரியாக 1 முதல் 2 மைக்ரான் அளவுள்ள மேடுபள்ளம் எலும்புக்கு நன்றாக ஒத்துவருகிறது என்பது பல் இம்ப்ளாண்டுகளில் பல ஆண்டுகளாகப் பார்த்த விஷயம். எலும்பு உள்ளே புகுந்து வளர வேண்டுமானால் சுமார் 100 மைக்ரானும் அதற்கு மேலும் அகலமுள்ள துளைகள் வேண்டும்.

எலும்பின் தாதுவையே பூசுவது

எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு போலத் தாதுதான். அது ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டின் நெருங்கிய உறவு. 10 கால்சியம் அணுவுக்கு 6 பாஸ்பரஸ் என்ற கணக்கு, அதாவது 1.67 என்ற விகிதம். இந்த விகிதம் மாறினால் கரையும் வேகமும் மாறிவிடும். ஆகவே இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு 1.67 மனப்பாடம்.

ஹைட்ராக்ஸிஅபடைட்டைப் பூசினால், அது உடல் திரவத்தில் மிக மெதுவாகக் கரைந்து, பக்கத்தில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கூட்டுகிறது. அந்த அயனிகள் திரும்பவும் மேற்பரப்பில் நுண்படிகங்களாகப் படிகின்றன. இந்தப் புதிய படிகங்கள் உடலே உருவாக்கிய தாதுவைப் போல இருப்பதால், எலும்பின் கொலாஜன் நார்கள் அதோடு பின்னிக்கொள்கின்றன. நடுவில் நார்த்திசு இல்லாமல் எலும்பு நேராகப் பூச்சைத் தொடுகிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தொடை எலும்புக்குள் இறங்கும் உலோக இடுப்புத் தண்டுகளில் இது பரவலாகப் பயன்பட்டுவருகிறது.

பூசும் வழக்கமான முறை பிளாஸ்மா தெளிப்பு. 10,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவின், சுடருக்குள் தூளை ஊதுகிறார்கள். ஒவ்வொரு துகளும் பாதியோ முழுசாகவோ உருகி, இம்ப்ளாண்டில் மோதித் தட்டையாகி, உடனே உறைகிறது. இப்படித் துகள்மேல் துகளாகச் சுமார் 50 முதல் 200 மைக்ரான் வரை அடுக்கு சேர்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் ஹைட்ராக்ஸிஅபடைட் தன் நீரை இழந்து, ஒரு பகுதி வேறு பாஸ்பேட்டுகளாகவும் படிகமில்லாத கண்ணாடி போன்ற நிலையாகவும் மாறிவிடும். இவை வேகமாகக் கரைபவை. கொஞ்சம் இருந்தால் எலும்பை விரைவாகத் தூண்டும். அதிகமானால் எலும்பு வந்து சேர்வதற்குள் பூச்சே காணாமல் போய்விடும்.

மறுபக்கத்துச் சிக்கல்

இனி செராமிக் பக்கம் வருவோம். சூடாக்கிய பொருள் எல்லாம் குளிரும்போது சுருங்கும். எல்லாம் ஒரே அளவில் சுருங்காது. ஒரு டிகிரிக்கு, பத்து லட்சத்தில் சுமார் 10.5 பங்கு சிர்கோனியா சுருங்கும். ஹைட்ராக்ஸிஅபடைட் சுமார் 14 பங்கு. கேட்கும்போது அற்ப வித்தியாசமாகத் தோன்றும். 1000 டிகிரியில் ஒட்டவைத்துக் குளிரவிடுவதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பூச்சு, தன் அடியில் உள்ள சிர்கோனியாவைவிடச் சுமார் 35 மைக்ரான் அதிகமாகச் சுருங்க விரும்புகிறது. சிர்கோனியா விடாது. ஆகவே பூச்சு எல்லாப் பக்கமும் இழுபட்ட நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. ஹைட்ராக்ஸிஅபடைட் போன்ற பொருள் நசுக்கலை ஓரளவு தாங்கும், இழுப்பைத் தாங்காது. மொறமொறவென்று விரிசல் விழும், அல்லது ஓரத்திலிருந்து உரியும். கண்ணாடிமேல் சுண்ணாம்பு அடித்தால் எப்படி ஏடு ஏடாக எழும்புமோ அப்படி.

சரி, நன்றாகப் பிணையட்டும் என்று இன்னும் சூடேற்றிச் சுட்டால் வேறு வினை வந்து சேரும். ஹைட்ராக்ஸிஅபடைட்டிலிருந்து கால்சியம் சிர்கோனியாவுக்குள் ஊர்ந்து போய், கால்சியம் சிர்கோனேட் என்ற புதுப் பொருளாகிறது. கால்சியத்தை இழந்த பூச்சில் 1.67 என்ற விகிதம் குலைந்து, வேகமாகக் கரையும் டிரைகால்சியம் பாஸ்பேட் மிஞ்சுகிறது. அதாவது ஒட்டவைக்கும் முயற்சியே பூச்சைக் கெடுக்கிறது.

பயோகிளாஸ் என்ற கண்ணாடியிலும் இதே மாதிரி ஒரு கதை. அமெரிக்காவில் லாரி ஹெஞ்ச் என்ற பொருளறிவியலாளர் 1967இல் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போகும்போது, வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர், உடல் ஒதுக்காத பொருளைச் செய்ய முடியாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது 45எஸ்5 என்ற கண்ணாடி: சிலிக்கா 45 சதவீதம், சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5 சதவீதம், பாஸ்பரஸ் ஆக்சைடு 6 சதவீதம். எலியின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்தபோது, ஆறு வாரத்தில் எலும்பிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. சோடியம் வெளியேறி, சிலிக்கா கூழ்ப்படலம் உருவாகி, அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படிகமாகிறது. செயல்முறையின் நேர்த்தி இன்றும் வியக்க வைப்பது.

அதையே அலுமினாமேல் உருக்கிப் பூசினால், அடியிலிருந்து அலுமினியம் கண்ணாடிக்குள் கரைகிறது. கண்ணாடியில் அலுமினா ஓரிரண்டு சதவீதம் சேர்ந்தாலே எலும்போடு பிணையும் குணம் போய்விடும். இதற்காகத்தான் பல அடுக்குப் பூச்சுகள் வந்தன. செராமிக்கை ஒட்டி, அதோடு ஒத்துப்போகும் மந்தமான கண்ணாடி. நடுவில் கலப்பு அடுக்கு. எலும்பைத் தொடும் வெளிப்புறத்தில் மட்டும் வினைபுரியும் கண்ணாடி. ஒரே பொருளிடம் இரண்டு வேலை கேட்காமல், இரண்டு பொருளுக்குப் பிரித்துக் கொடுப்பது. எனக்கு இந்த யோசனை மற்ற எல்லாவற்றையும்விட நேர்மையானதாகத் தெரிகிறது.

சூட்டைக் குறைத்துப் பூசுவது

பிரச்சினை பெரும்பாலும் சூட்டால் வருகிறது என்றால் சூட்டைக் குறைக்க வேண்டியதுதானே? சோல்-ஜெல் முறை அந்த வழி. கால்சியம், பாஸ்பரஸ் சேர்மங்களைத் திரவத்தில் கரைத்து, அவை மெல்லப் பின்னிக் கூழாகும் பதத்தில் வைத்துக்கொள்கிறார்கள். சுத்தம் செய்த இம்ப்ளாண்டை அதில் முக்கி, ஒரே சீரான வேகத்தில் செங்குத்தாக மேலே இழுக்கிறார்கள். வேகமாக இழுத்தால் படலம் தடிக்கும், மெதுவாக இழுத்தால் மெலியும். இழுக்கும்போது கை நடுங்கினால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். ஆகவே மோட்டார்தான் இழுக்கும். உலரவிட்டு, சில நூறு டிகிரியில் சுடுகிறார்கள். கிடைக்கும் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானைச் சுற்றியே இருக்கும். தடிமன் குறைந்தால் உரிக்கும் விசையும் குறையும். அதனால்தான் மெல்லிய படலம் அதே சுருக்க வித்தியாசத்தையும் தாங்கிப் பிழைக்கிறது.

இன்னும் மென்மையான வழியை ஜப்பானின் கியோத்தோவில் ததாஷி கொக்குபோவின் குழு காட்டியது. ரத்தத் திரவத்தில் உள்ள அயனிகளுக்கு ஏறத்தாழச் சமமான கரைசலைத் தயாரித்து, 36.5 டிகிரியில், பிஎச் 7.4இல் பொருளை அதில் ஊறவைக்கிறார்கள். மேற்பரப்பு தயாராக இருந்தால் எலும்புத் தாது போன்ற படலம் தானாகவே படியும். ஆனால் சும்மா கிடக்கும் சிர்கோனியாமேல் லேசில் படியாது. முதலில் அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து, மேற்பரப்பில் ஹைட்ராக்ஸில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) குழுக்களை வரவழைக்க வேண்டும். உடல் வெப்பத்திலேயே பூசுவதால் புரதம், மருந்து போன்றவற்றையும் படலத்துக்குள்ளேயே பொதிந்துவிடலாம். பலவீனம், ஒட்டுத்திறன் குறைவு.

வேறு பொருளே வேண்டாம் என்ற அணுகுமுறையும் உண்டு. சிர்கோனியாத் தூளோடு, சூட்டில் எரிந்துபோகும் துகள்களைக் கலந்து குழம்பாக்கி, அதே சிர்கோனியா இம்ப்ளாண்ட்மேல் பூசிச் சுடுவது. துகள்கள் எரிந்த இடமெல்லாம் துளைகளாக மிஞ்சும். பூச்சும் அடிப்பொருளும் ஒன்றே என்பதால் சுருக்க வித்தியாசம் கிடையாது; உரிந்து விழும் கவலை வெகுவாகக் குறைகிறது. எலும்பு இந்தத் துளைகளில் புகுந்து பூட்டுப்போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். வேதிப் பிணைப்பு இல்லை, இயந்திரப் பிடிப்பு மட்டும்.

தாதுவை விட்டுவிட்டு, செல்கள் பிடித்துக்கொள்ளும் புரதத் துண்டை மட்டும் ஒட்டுவது மற்றொரு வழி. ஃபைப்ரோநெக்டினில் செல்கள் பற்றும் இடம் வெறும் மூன்று அமினோ அமிலங்கள்: ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம். 1984இல் கண்டறிந்தது இது. அந்தத் துண்டை மந்தமான செராமிக்கில் ஒட்ட ஒரு நடு அடுக்கு வேண்டும். கடற்பாறையில் ஒட்டிக்கொள்ளும் சிப்பிகளின் பசையைப் பார்த்து 2007இல் வெளிவந்த பாலிடோபமைன் படலம் அதற்கு ஒத்துவருகிறது: லேசான காரக் கரைசலில் டோபமைனைக் கரைத்து ஊறவைத்தாலே போதும், ஏறக்குறைய எந்தப் பொருள் மேலும் படிந்துவிடும். துத்தநாகம், ஸ்ட்ரான்சியம், வெள்ளி அயனிகளைச் சேர்ப்பது, புறஊதா ஒளியில் மேற்பரப்பைக் கழுவி நீரை ஈர்க்க வைப்பது என்று சின்னச் சின்ன உத்திகளும் இருக்கின்றன.

பூச்சு நல்லதா என்று எப்படித் தெரியும்

பூச்சின் மேல் ஒரு உருளையைப் பசையால் ஒட்டி, நேராக இழுத்து, எந்த விசையில் பிய்கிறது என்று அளக்கிறார்கள். ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சுக்கான சர்வதேசத் தரம் குறைந்தது 15 மெகாபாஸ்கல் கேட்கிறது. விலங்குகளின் எலும்பில் வைத்து, சில வாரங்களுக்குப் பிறகு திருகைத் திருப்பிக் கழற்ற எவ்வளவு முறுக்குவிசை தேவை என்று பார்ப்பது அடுத்தது. பிறகு எலும்போடு சேர்த்து மெல்லிய சீவலாக வெட்டி, இம்ப்ளாண்டின் சுற்றளவில் எத்தனை சதவீதத்தை எலும்பு நேராகத் தொடுகிறது என்று நுண்ணோக்கியில் அளக்கிறார்கள்.

ஆய்வகத் தட்டில் செல்கள் நன்றாக வளர்ந்தன என்ற செய்தியை மட்டும் வைத்து ஒரு பூச்சை நம்பிவிடக் கூடாது. தட்டில் சுமை இல்லை, ரத்தம் இல்லை, உரசல் இல்லை. இம்ப்ளாண்டை எலும்புக்குள் அழுத்தித் திருகும்போதே பூச்சு உராய்ந்து போகலாம். பிற்காலத்தில் உரிந்த துகள் மூட்டுக்குள் போனால் அதுவே தேய்மானத்தைக் கூட்டும். பல் இம்ப்ளாண்டுகளில் தடித்த ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு 1990களில் செல்வாக்கை இழந்ததற்கு, பூச்சு உரிவது பற்றிய கவலையும் காரணம். ஸ்வீடனின் இடுப்பு மூட்டுப் பதிவேட்டை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், இந்தப் பூச்சுள்ள உலோகக் கிண்ணங்களுக்கு மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. தொடக்கத்தில் எலும்பு வேகமாக வளர்வதும், பதினைந்து இருபது ஆண்டு தாக்குப்பிடிப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

இன்று விற்பனையில் உள்ள சிர்கோனியாப் பல் இம்ப்ளாண்டுகளில் பெரும்பாலானவை தனிப் பூச்சு இல்லாமல், கவனமாகச் சொரசொரப்பாக்கிய மேற்பரப்போடுதான் வருகின்றன. இடுப்பு மூட்டில் செராமிக் கிண்ணம் பொதுவாக ஓர் உலோகக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். எலும்பைத் தொடுவது அந்தக் கூடு. செராமிக் மேல் நேரடியாகப் பூசும் பூச்சுகளில் பல இன்னும் ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலும் இருக்கின்றன. புதிய பூச்சு ஒன்றைப் பற்றி அடுத்த முறை படிக்கும்போது, எலும்பு எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதோடு நிறுத்திவிடாமல், உடல் திரவத்தில் மாதக்கணக்கில் ஊறிய பிறகும் செராமிக்கோடு அது எவ்வளவு விசையில் ஒட்டியிருந்தது என்ற எண்ணையும் தேடிப் பாருங்கள்.